பழனி மலை அடிவாரத்தின் கூடைப்பந்துப் பருவம்

கோடைக் கூடைப்பந்துப் பருவம் என்பது, ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தை ஒட்டிப் பெரியகுளம், கரூர், கோயம்புத்தூர் ஆகிய ஊர்களில் நடைபெறும் அகில இந்திய ஆண்கள் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிகளை இக்கட்டுரையில் குறிக்கும். இவற்றை ஒரே அமைப்பு நடத்தவில்லை. மூன்றுக்கும் பொதுவான புள்ளிப்பட்டியலும் கிடையாது. எனினும் ஏறத்தாழ அதே அணிகள், அதே ஆட்டக்காரர்கள், ஒன்றையடுத்து ஒன்றாக இந்த ஊர்களில் வந்து ஆடுவதால், இவை மூன்றையும் சேர்த்து ஒரு பருவமாகப் பார்ப்பதில் பொருள் உண்டு. ஐரோப்பாவின் முதல்நிலைக் கழகங்களுக்கு யூரோலீக் எப்படியோ, இந்தியாவின் வலுவான அணிகளுக்கு நெடுங்காலம் அதற்கு மிக நெருக்கமாக இருந்து வந்தவை இத்தகைய சுற்றுப்போட்டிகளே.

கொடைக்கானலில் ‘சீசன்’ என்றால் அது சுற்றுலாப் பயணிகளின் வரவைத்தான் குறிக்கும். ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை மலை நிறைந்திருக்கும். மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும். அதே மே மாதத்தில் மலையின் தென்புற அடிவாரத்தில், தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தில், மாம்பழமும் கூடைப்பந்தும் சேர்ந்து வரும். மேலே குளிர் தேடிப் போகிறவர்களின் வண்டிகள் காட்ரோடு பிரிவில் திரும்பி மலையேறிக்கொண்டிருக்க, கீழே வெயில் தாழ்ந்த பிறகு மின்விளக்கு வெளிச்சத்தில் ஆறரை அடி உயர ஆட்டக்காரர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

பெரியகுளம் போட்டி

இப்போட்டியைப் பெரியகுளம் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துகிறது. பி. டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்காக நடைபெறும் இந்தப் போட்டி அறுபது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு கொண்டது. கரூரில் எல். ஆர். ஜி. நாயுடு நினைவுச் சுழற்கோப்பைக்காகவும், கோயம்புத்தூரில் நாச்சிமுத்துக் கவுண்டர் சுழற்கோப்பைக்காகவும் ஆடுகிறார்கள். நாள்கள் ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாக அமைவதுண்டு.

சுழற்கோப்பை என்பதன் பொருளை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. வென்ற அணி கோப்பையை ஓராண்டு வைத்திருந்து, மறு ஆண்டு போட்டிக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவரின் நினைவாக ஒரு குடும்பமோ கழகமோ கோப்பையை நிறுவுவதும், உள்ளூர் வணிகர்களும் ஆர்வலர்களும் செலவைப் பகிர்ந்துகொள்வதும் தமிழ்நாட்டு விளையாட்டு உலகில் பழைய வழக்கம். மாநிலத் தலைநகரிலிருந்து வெகுதூரத்தில் உள்ள ஒரு நகராட்சி ஊர், நாட்டின் முதல்தர அணிகளை ஆண்டுதோறும் அழைத்து உணவும் தங்குமிடமும் கொடுத்து ஆடவைப்பது சிறிய செயல் அன்று. பெருநகரங்களில் கூடப் பல போட்டிகள் பத்தாண்டுகளைத் தாண்டாமல் நின்றுபோயிருக்கின்றன.

வரும் அணிகளின் பெயர்களைப் பார்த்தாலே இந்தியக் கூடைப்பந்தின் அமைப்பு விளங்கிவிடும். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்திய விமானப்படை, இந்தியக் கடற்படை, தரைப்படை, கேரள மாநில மின்வாரியம், சுங்கத்துறை, வருமானவரித் துறை, ரயில்வே பிரிவுகள். ஊர்ப் பெயர் தாங்கிய அணிகள் குறைவு. எல்லாமே அலுவலகங்கள்.

விளையாட்டு வந்த வழி

கூடைப்பந்து, பிறந்த ஆண்டும் பிறந்த இடமும் ஐயமின்றித் தெரிந்த விளையாட்டு. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய். எம். சி. ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இதனை உருவாக்கினார். குளிர்காலத்தில் மாணவர்களை உள்ளரங்கில் வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்த ஓர் ஆசிரியரின் கண்டுபிடிப்பு இது. முதலில் மாட்டியவை பீச் பழக்கூடைகள். அவற்றுக்கு அடிப்பாகம் இருந்ததால், ஒவ்வொரு முறையும் ஏறிப் பந்தை எடுக்க வேண்டியிருந்தது.

பழனி மலையில் அமெரிக்கர்கள் அதற்கு முன்பே குடியேறியிருந்தனர். சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்ப, மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைச்சாலை முழுமை பெறும் வரை, மேலே செல்லும் முதன்மை வழி பெரியகுளம் பக்கத்திலிருந்துதான் ஏறியது. கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகச் செல்லும் நடைபாதை இன்றும் இருக்கிறது. 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட ஹைகிளர்க் பள்ளியே இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. அங்கே கூடைப்பந்து இப்போதும் ஆடப்படுகிறது.

இதைக்கொண்டு விளையாட்டு மலையிலிருந்து இறங்கி வந்தது என்று முடிவுகட்டிவிட ஆசை எழும். ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அதைக் கொண்டுசென்ற வழி சென்னை. 1890இல் சென்னையில் ஒய். எம். சி. ஏ. தொடங்கப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் சென்னையில் ஒய். எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். இன்று நந்தனத்தில் இருப்பது அதுவே. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் இவரே. இக்கல்லூரியில் பயின்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் மாவட்டப் பள்ளிகளுக்குப் போனார்கள். போன இடத்தில் இரண்டு கம்பங்களும் இரண்டு வளையங்களும் நட்டார்கள். ஒரு கால்பந்து மைதானத்துக்குத் தேவையான நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு வேண்டாம். ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், அவ்வளவுதான். இடநெருக்கடி உள்ள பள்ளிகளில் இந்த ஆட்டம் வேர்விட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1934இல் நடந்தது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950இல் உருவானது. 1975இல் பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியில் இந்திய ஆண்கள் நான்காம் இடம் பெற்றதே இன்றுவரை மிகச் சிறந்த நிலை. ஒலிம்பிக்கில் ஆடியது ஒரே முறை, 1980 மாஸ்கோவில். பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் கிடைத்த வாய்ப்பு அது. எல்லா ஆட்டங்களிலும் தோல்வியே.

ஐரோப்பாவில் ஒரு பருவம்

ஒப்பிட்டுப் பார்க்க யூரோலீக்கின் 2024-25 பருவத்தை எடுத்துக்கொள்ளலாம். 18 கழகங்கள். ஒவ்வொன்றும் மற்ற 17 கழகங்களுடன் சொந்த ஊரில் ஒரு முறை, எதிரி ஊரில் ஒரு முறை என 34 ஆட்டங்கள். ஆக முதல் கட்டத்தில் மட்டும் 306 ஆட்டங்கள். அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை இது நீளும். முதல் ஆறு இடங்களைப் பெற்றவை நேரே காலிறுதிக்குச் செல்லும். ஏழு முதல் பத்து வரையிலான அணிகள் மீதமுள்ள இரண்டு இடங்களுக்காகத் தமக்குள் மோதும். காலிறுதியில் ஐந்தில் மூன்று ஆட்டங்களை வெல்ல வேண்டும். அதில் தேறிய நான்கு அணிகளும் ஒரே நகரில் கூடி அரையிறுதியும் இறுதியும் ஆடும். 2025 மே மாதம் இது ஐரோப்பாவுக்கு வெளியே, அபுதாபியில் நடந்தது. துருக்கியின் ஃபெனர்பாஷே இறுதியில் மொனாக்கோவை 81-70 என்று வென்றது. அடுத்த பருவத்தில் கழகங்களின் எண்ணிக்கை 20 ஆனது.

எட்டு மாத உழைப்பு கடைசியில் மூன்று நாள்களில் தீர்க்கப்படுவதைப் பலர் குறை சொல்வதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. பெரியகுளத்திலோ முழுப் போட்டியுமே ஏறத்தாழ ஒரு வாரம். அணிகளைப் பிரிவுகளாகப் பிரித்து லீக் ஆட்டங்கள், பின்னர் அரையிறுதி, இறுதி. எலும்புக்கூடு ஒன்றே. ஐரோப்பாவில் ஆட்டத்துக்கு ஆட்டம் நாள்கள் கிடைக்கும், இங்கே மறுநாள் மாலையே அடுத்த ஆட்டம். எனவே மாற்று ஆட்டக்காரர்களின் பலம் இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது. முதல் ஐவரை மட்டும் நம்பி வரும் அணி பெரும்பாலும் வாரக் கடைசிக்குள் களைத்துவிடும்.

ஐரோப்பாவின் போட்டி தொடங்கிய 1958ஆம் ஆண்டை இங்கே நினைவுகூர வேண்டும். முதல் மூன்று ஆண்டுகளும் பட்டம் வென்றது ரீகா நகரின் ஏ. எஸ். கே. அணி. அது ஒரு ராணுவ விளையாட்டுக் கழகம். அலெக்சாந்தர் கொமெல்ஸ்கி அதன் பயிற்சியாளர். நடுவில் நின்றவர் 218 செ.மீ. உயரமுள்ள யானிஸ் குரூமின்ஷ் என்ற லாத்வியர். பின்னாளில் எட்டு முறை பட்டம் வென்ற மாஸ்கோவின் சி. எஸ். கே. ஏ. என்ற பெயருக்கும் ராணுவத்தின் மத்திய விளையாட்டுக் கழகம் என்றே பொருள். ஆக, படைப்பிரிவின் பெயரில் அணி இறங்குவது இந்தியாவுக்கு மட்டும் உரிய விந்தை அன்று. ஐரோப்பா அங்கிருந்து நகர்ந்துவிட்டது. நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமை, விளம்பரதாரர் பணம் ஆகியவை அங்கே அணிகளைத் தாங்குகின்றன. இங்கே தாங்குவது மாதச் சம்பளம்.

சமநிலை வந்தால்

இரண்டு போட்டிகளிலும் பார்வையாளர்கள் அதிகம் குழம்பும் இடம் ஒன்று உண்டு. லீக் கட்டத்தில் மூன்று அணிகள் ஒரே வெற்றி எண்ணிக்கையில் நின்றால் யார் மேலே செல்வது? பன்னாட்டு விதிப்படி, அந்த மூன்று அணிகளும் தமக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்துப் புள்ளி வேறுபாட்டைக் கணக்கிடுவார்கள்.

அ, ஆ, இ என மூன்று அணிகள் என்று கொள்வோம். ‘அ’ அணி ‘ஆ’வை 80-70 என வெல்கிறது. ‘ஆ’ அணி ‘இ’யை 75-73 என வெல்கிறது. ‘இ’ அணி ‘அ’வை 68-64 என வெல்கிறது. ஆளுக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி. ‘அ’வுக்கு மிகை 10, குறை 4, ஆக மிகை 6. ‘இ’க்குக் குறை 2, மிகை 4, ஆக மிகை 2. ‘ஆ’வுக்குக் குறை 10, மிகை 2, ஆக குறை 8. இரண்டு அணிகள் மட்டும் முன்னேறும் என்றால் ‘ஆ’ வெளியேறும்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். முதல் ஆட்டத்தில் ‘ஆ’ அணி கடைசி நிமிடங்களில் விடாமல் ஆடி 79-80 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றிருந்தால்? அப்போது ‘அ’வுக்குக் குறை 3, ‘ஆ’வுக்கு மிகை 1, ‘இ’க்கு மிகை 2. வெளியேறுவது ‘அ’. தோற்ற ஆட்டத்தில் போட்ட ஒன்பது புள்ளிகள், வென்ற அணியை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. தோல்வி உறுதியான பிறகும் பயிற்சியாளர் எல்லைக்கோட்டருகே நின்று கத்திக்கொண்டிருப்பதன் காரணம் இதுதான். ஏழாம் வகுப்பில் மிகை எண், குறை எண் நடத்தும் ஆசிரியர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. புத்தகத்திலுள்ள வெப்பநிலைமானிக் கணக்குக்கு மாணவர்கள் இவ்வளவு கூர்ந்து காதுகொடுப்பதில்லை.

வேலையே பந்தயம்

பெரியகுளத்திலோ கரூரிலோ இறுதி ஆட்டத்தைப் பார்க்கும் ஒரு பதினேழு வயதுப் பையனுக்கு, மைதானத்தில் ஆடுகிறவர்கள் வெறும் ஆட்டக்காரர்கள் அல்லர். வங்கியில் எழுத்தராகவோ அலுவலராகவோ, ரயில்வேயில் ஊழியராகவோ, படையில் வீரராகவோ நிரந்தர வேலையில் இருப்பவர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அந்த வேலை கிடைத்தவர்கள். ஆடும் வயது முப்பத்தைந்தோடு முடிந்தாலும் வங்கியிலும் ரயில்வேயிலும் அறுபது வயது வரை சம்பளம் உண்டு. ஐரோப்பாவில் ஒரு நல்ல ஆட்டக்காரர் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தில் கழகம் விட்டுக் கழகம் மாறுவார். முழங்கால் போனால் ஒப்பந்தமும் போகலாம். இங்கே வருமானம் அதோடு ஒப்பிடத் தகாதது. ஆனால் முழங்கால் போனாலும் வேலை போகாது. இரண்டில் எது மேல் என்பது, எந்த வீட்டிலிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்தது. கூலி வேலை செய்யும் பெற்றோரின் மகனுக்கு இந்த ஏற்பாடு ஒரு தலைமுறையின் நிலையையே மாற்றியிருக்கிறது.

எனவே தமிழ்நாட்டில் கோடைச் சுற்றுப்போட்டிகளுக்கு வெளியே தெரியாத ஒரு பணியும் உண்டு. கோப்பையைப் போலவே ஆள் தேடும் இடமும் இதுதான். பள்ளியில், அரசின் விளையாட்டு விடுதியில், கல்லூரியில் ஆடி வளர்ந்தவர்கள் பெரிய அணிகளின் பயிற்சியாளர்கள் பார்வையில் படுவது இத்தகைய களங்களில். அரவிந்த் அண்ணாதுரை, அகிலன் பாரி, முயின் பேக் ஹபீஸ் எனத் தமிழ்நாட்டிலிருந்து இந்திய அணிக்குச் சென்றவர்கள் பலர். 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியின் இறுதியில் தமிழ்நாட்டு ஆண்கள் அணி பஞ்சாபை வென்று பட்டம் பெற்றது. இவ்வளவு ஆட்டக்காரர்கள் உருவானதில் மாநிலத்தின் அலுவலக அணிகளுக்கும் ஊர்க் கழகங்களின் போட்டிகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

ஆனால் இந்த அடித்தளம் சுருங்கி வருகிறது. பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பது முன்போல் இல்லை. வங்கி இணைப்புகளும் வந்தன. பெங்களூரின் பெயர்பெற்ற விஜயா வங்கி அணி கோடைப் போட்டிகளுக்கு நன்கு அறிமுகமானது. 2019 ஏப்ரல் 1 அன்று விஜயா வங்கியும் தேனா வங்கியும் பரோடா வங்கியோடு இணைந்தன. அணி இப்போது பரோடா வங்கியின் பெயரில் இறங்குகிறது. அணி தப்பியது நல்லதே. ஒரு வங்கி தன் கூடைப்பந்து அணியைக் கலைத்துவிட்டால், அதனால் வேலை கிடைத்திருக்க வேண்டிய ஆண்டுக்கு இரண்டு மூன்று இளைஞர்களின் பெயர் எந்தச் செய்தியிலும் வராது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தம் அணிகளைத் தொடர்ந்து வைத்திருப்பது தமிழ்நாட்டின் நற்பேறு எனலாம். அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு அரசு அளிக்கும் 3 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. அது எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவானது.

கழக முறைக்கு முயற்சிகள்

ஐரோப்பிய, அமெரிக்க முறையில் நகர அணிகளைக் கொண்டு தொழில்முறைத் தொடர் நடத்தும் முயற்சிகளும் நடந்தன. 2015இல் தொடங்கிய யு. பி. ஏ. தொடரில் சென்னை ஸ்லாம் என்ற அணி ஆடியது. அத்தொடர் 2017க்குப் பிறகு நடக்கவில்லை. 2022இல் கூட்டமைப்பின் ஒப்புதலோடு ஐ. என். பி. எல். என்ற தொடர் ஆறு நகர அணிகளுடன் தொடங்கியது. சென்னை ஹீட் அவற்றுள் ஒன்று. புதிய தொடர்கள் வரவேற்கத்தக்கவை என்றாலும், ஒரு நகரத்தின் பெயரை அணிக்குச் சூட்டுவதால் மட்டும் அந்த நகரத்து மக்கள் அதைத் தம் அணியாகக் கொள்வதில்லை. ரியல் மாட்ரிட் பதினொரு முறை ஐரோப்பியப் பட்டம் வென்றிருக்கிறது. தாத்தா, மகன், பேரன் என மூன்று தலைமுறை சேர்ந்து உட்கார்ந்து பார்த்த கழகம் அது. தமிழ்நாட்டில் அப்படித் தலைமுறை தலைமுறையாகக் கூட்டம் சேர்வது அணிகளுக்காக அன்று, போட்டிக்காக. பெரியகுளத்துக்காரருக்கு எந்த வங்கி வெல்கிறது என்பது இரண்டாம் பட்சம். தம் ஊர்ப் போட்டி நன்றாக நடக்க வேண்டும் என்பதே முதல்.

ஐரோப்பாவும் அமைப்புச் சண்டைக்குத் தப்பவில்லை. 2000-01 பருவத்தில் பன்னாட்டுக் கூட்டமைப்பும் கழகங்களும் பிரிந்து இரண்டு தனித்தனித் தொடர்களை நடத்தின. ஒன்றில் மக்காபி டெல் அவிவ், மற்றொன்றில் கிண்டர் போலோஞா என ஒரே ஆண்டில் இரண்டு ஐரோப்பிய வாகையர். அடுத்த ஆண்டு மீண்டும் ஒரே தொடரானது.

2020இல் இரண்டு உலகங்களும் ஒன்றாகவே நின்றன. கொரோனாத் தொற்றால் மார்ச்சில் நிறுத்தப்பட்ட யூரோலீக், 34 சுற்றுகளில் 28 முடிந்திருந்தும், மே 25 அன்று பருவத்தையே ரத்து செய்தது. அந்த ஆண்டுக்கு வாகையர் இல்லை. இங்கே நாடெங்கும் ஊரடங்கு. கொடைக்கானலில் ஏரிச்சாலை வெறிச்சோடிக் கிடந்தது. அந்த மே மாதம் மலைக்கும் சீசன் இல்லை, அடிவாரத்துக்கும் இல்லை.

முதன்முறை பார்ப்பவர்களுக்கு

ஆட்டம் பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். பந்து நிற்கும்போதெல்லாம் கடிகாரமும் நிற்பதால், நாற்பது நிமிட ஆட்டம் முடிய ஏறத்தாழ இரண்டு மணிநேரம் ஆகும். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதிலிருந்து 6.75 மீட்டர் தொலைவில் வளைந்து செல்லும் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி, உள்ளிருந்து எறிந்தால் இரண்டு, தவறுக்காகக் கிடைக்கும் தனி எறிக்கு ஒன்று. பந்தைக் கைப்பற்றிய அணி 24 வினாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். ஐந்து தவறு செய்தவர் வெளியேற வேண்டும். அதனால் முதல் பாதியிலேயே மூன்று தவறு சேர்ந்துவிட்ட உயரமான ஆட்டக்காரரைப் பயிற்சியாளர் பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார். அவர் எப்போது திரும்ப இறங்குகிறார் என்பதைக் கவனித்தால், பல ஆட்டங்களின் திருப்பம் அங்கேதான் இருப்பது தெரியும். நாற்பது நிமிட முடிவில் சமநிலை என்றால் ஐந்து நிமிடம் கூடுதல். வெற்றி தோல்வி தெரியும் வரை அது தொடரும், கூடைப்பந்தில் சமன் என்று ஆட்டம் முடிவதில்லை.